தும்மலில் போன ‘பதின்’

"அன்னைக்கு நான் போட்ட ஒரே தும்மல்ல ஒரு ரயில் ஜனம் பூராவும் பிழைச்சுதுங்க."

பெண்ணின் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எது நடக்கக் கூடாது என்று காலையிலிருந்து கணவரிடம் கெஞ்சினாளோ அது நடந்தேவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன், திறந்தாலும் தும்மலைப் பற்றிப் பேச மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார் மனிதர். பாழாய்ப்போன டிவி கெடுத்தது. ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த நினைவு நாள் என்று வரிசையாக மெழுகுவர்த்திகளைக் காட்டினார்கள். கல்யாணப் பேச்சு நின்றுபோய், அன்றைக்கு யார் யார் எங்கே இருந்தோம் என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது.

மாப்பிள்ளையின் சித்தப்பா அந்த ரயிலை ஒரே நிமிஷத்தில் தவறவிட்டாராம். சித்தியும் தவறவிட்டாளாம், வேறு ஊரில் இருந்துகொண்டே. அந்த ரயிலைத் தவறவிட்டதாகச் சொல்கிறவர்களையெல்லாம் உண்மையிலேயே அதில் ஏற்றியிருந்தால் என்ஜின் ஒரு நாட்டிலும் கடைசிப் பெட்டி அடுத்த நாட்டிலும் நின்றிருக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும், "வேலை விஷயமா வெளிய போயிருந்தேன்" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு திருத்தம் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. "காலையிலயே கிளம்பிட்டோம்" என்று அவர் மனைவி சொன்னபோது, "காலையில இல்ல, விடியறதுக்கு முன்னாடி" என்றார். "இவருக்கு ரயில் பிடிக்காது, அதான் கார்ல வந்தோம்" என்றபோது, "பிடிக்காதுன்னு இல்ல, ஒத்துக்காது" என்றார்.

பெண்ணின் அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மைக் போய்விட்டதே தவிர சத்தம் போகவில்லை.

"சாதாரணத் தும்மலா அது? கூரையில இருந்த புறாவெல்லாம் கிளம்பிப் போய் அடுத்த ஸ்டேஷன்லதான் இறங்குச்சு" என்று தொடங்கி, கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

ரயில் வர வேண்டியது பதினாறாவது பிளாட்பாரத்துக்கு. அவர் மைக்கைப் பிடித்து அதை அறிவிக்கும் அந்த நொடியில் தும்மல் வந்தது. ‘பதின்’ தும்மலுக்குள் போய்விட்டது. ஊருக்குக் கேட்டது ‘ஆறாவது பிளாட்பாரம்’ மட்டும். திருத்திச் சொல்லலாம் என்றால், தும்மிய வேகத்தில் மைக் கீழே விழுந்து உயிரை விட்டிருந்தது. பதினாறில் நின்ற கூட்டம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு மேம்பாலம் ஏறி, அவரைத் திட்டிக்கொண்டே ஆறுக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில், ரயில் வந்து சேர்வதற்குள், ஆளில்லாத பதினாறில் குண்டு வெடித்தது.

அன்று நகரத்தில் இன்னும் மூன்று இடங்களில் வெடித்தது. அங்கெல்லாம் யாரும் தும்மவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தானாக இறங்கிவிடும்.

மறுநாள் பத்திரிகைகளில் ‘அதிகாரிகளின் சமயோசிதம்’ என்று போட்டார்கள். தும்மலைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் இன்றுவரை அவர் சொல்வதை அவர் வீட்டுப் பூனைகூட நம்புவதில்லை.

"தும்மல் எழுத்தெண்ணி முழுங்குமா சார்? போதும், வேற பேசுவோம்" என்றார் ஆடிட்டர்.

"இருங்க, இன்னும் கிளைமாக்ஸ் இருக்கு. அந்த நேரத்துல ஒருத்தர்..."

"வேண்டாம் சார்." ஆடிட்டர் எழுந்துவிட்டார். "நான் கணக்கு பாத்துப் பிழைச்சவன். பேச்சுல இவ்வளவு கலப்படம் பண்றவங்களோட சம்பந்தம் சரிப்படாது. கிளம்பலாம்."

மாப்பிள்ளைப் பையன் பெண்ணைப் பார்த்தான். பெண் டீ தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அண்ணா, அவர் வாய்தாங்க பொய். மனசு சுத்தம்" என்று ஓடினாள் பெண்ணின் அம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, அடிக்குரலில், "கட்டுக்கதைன்னு ஒத்துக்கிட்டுத் தொலைங்களேன். நம்ம புள்ள முகத்தைப் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். ஆயுசு பூராவும் அளந்த மனிதர், சொன்னதிலேயே உண்மையான ஒரே கதையை விழுங்கத் தயாரானார்.

"பொய்தாங்க" என்றார். "தும்மல் பொய். புறா பொய். ஆறாவது பிளாட்பாரத்துலேர்ந்து ஒரு பெரிய மீசைக்காரர் மூச்சிரைக்க வந்து, என் ரூம் கண்ணாடியை இடிச்சு, ‘பதினாறுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதை’ன்னு திட்டிக்கிட்டு இருந்தப்பவே குண்டு வெடிச்சதும் பொய். கைக்குட்டைக்குள்ள மூக்கைப் பொத்திக்கிட்டிருந்த நான் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள அவர் ஓடிட்டதும் பொய். போதுங்களா?"

ஆடிட்டர் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தார். இன்னொரு கால் வெளியே இருந்தது. மழமழவென்று சிரைத்திருந்த மேலுதட்டை ஒருமுறை தடவினார். வாசலைப் பார்த்தார். பேசாமல் போய்விடலாம். கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு தப்பான விவரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை.

"கழுதைன்னு சொல்லல சம்பந்தி" என்றார், செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டே. "எருமைன்னுதான் சொன்னேன்."