இறகில்லாத கல்

கடலடிச் சுரங்கம் இடிந்ததில் சிக்கிய இசக்கிவேலைக் கல்லாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல் வந்துவிட்டால் தேடுதல் முடிந்தது என்று அர்த்தம். அவனுடைய அம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். மனைவி ராஜகனி மட்டும் கிட்டே போகவில்லை.

அவளுக்கு வேலையே அந்தக் கல் வார்க்கும் ஆலையில்தான். எரிமலைக் குழம்பில் அஸ்தியைக் கலந்து குளிரவைத்தால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் இறகு இறகாகப் படிகம் விரியும். உடல் கிடைக்காதவர்களுக்கு வெறும் குழம்பைத்தான் ஊற்றச் சொல்வார்கள். அது கறுப்புக் கண்ணாடியாக உறைந்துவிடும். சந்தேகப்பட்டுக் கேட்கிற குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் ஆலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ஏட்டி, கல்லுன்னா உள்ள இறகு இருக்கும்பியே. எம்புள்ள கல்லுல ஏன் ஒண்ணுகூட இல்ல?" என்றாள் மாமியார்.

ராஜகனி கல்லை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு தூசிகூட இல்லை. அவன் இன்னும் அங்கேதான் கிடக்கிறான். உயிரோடா, இல்லையா என்று பார்க்க இனி ஒருவரும் இறங்கப்போவதில்லை. அலறத்தான் வாயைத் திறந்தாள். பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"சீக்கிரம் ஆறிட்டா இப்பிடித்தான் வரும், அத்தை."