எட்டாவது சேனல்

நகரமன்றக் கூட்டத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. பேச வெர்னாவுக்குக் கொடுத்த மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. கேபிள் கம்பெனி கேட்கிற மாதிரியே உரிமத்தைப் புதுப்பித்தால், ஊர் மக்கள் தாங்களே நடத்தும் எட்டாவது சேனல் போய்விடும். அவள் மைக்கை விடவில்லை. "போதும்மா, போய் உக்காரு," என்கிறார் தலைவர். "நீ மொதல்ல கம்பெனிக்காரன் மடியிலேர்ந்து எறங்குய்யா!" மைக்கை அணைக்கிறார்கள். காவலர் அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்க, தோளில் ஏதோ முறியும் சத்தம் கேட்கிறது. பின்வரிசையிலிருந்து பறந்து வந்த நாற்காலி மேடைமேல் இருந்த கண்ணாடிக் கூஜாவை நொறுக்குகிறது. காவலரைத் தடுக்கப் போன லெஸ்டர் கிழவரின் வாயில் தடி விழுகிறது. குழல்விளக்கு வெளிச்சத்தில் அவருடைய கம்பளிக் கோட்டில் ரத்தம் கருப்பாக ஊறுகிறது. வெர்னாவைக் கதவுப்பக்கம் இழுத்துப்போகிறார்கள். அடுத்துப் பேச வேண்டியவர் லெஸ்டர்தான். தள்ளாடி மைக் முன்னால் வந்து, உடைந்த பல்லைத் துப்புகிறார். "என்னோட மூணு நிமிஷத்த அவளுக்குக் குடுத்துட்டேன். கூட்டிட்டு வாங்கடா அவள."