வியாழக்கிழமைப் படிக்கட்டு

பேராசிரியர் படியிறங்கி வருவதைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

மடியில் ஆய்வக நோட்டு. வேதியியல் துறையின் இரண்டாம் மாடிப் படிக்கட்டு. அவளைச் சேர்த்து ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஆய்வு மாணவர்கள்.

வியாழன்தோறும் கூடுவார்கள். அந்த வாரம் சொதப்பிய சோதனைகளை மறைக்காமல் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவுதான் கூட்டம்.

முதல் மாதம் கருத்தரங்க அறையில் நடந்தது. பிறகு சாவி கிடைக்கவில்லை. பலகையில் ஒட்டிய அறிவிப்பையும் யாரோ கிழித்துவிட்டார்கள்.

தொடங்கியவள் அவள்தான். பொன்முடி போன பிறகு.

பொன்முடி அவளுக்கு ஜூனியர். பேராசிரியர் குணசீலனின் பழைய கட்டுரையில் இருந்த வேதிவினை ஒன்றை ஒன்றரை வருடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். விளைபொருள் தொண்ணூறு சதவீதம் கிடைக்கும் என்றது கட்டுரை. அவனுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நம்பினான். ஒரு நாள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

அவளுக்கும் நாற்பதுதான் வந்திருந்தது. அவனுக்கு மூன்று வருடம் முன்பே.

அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அதைச் சொல்லத்தான் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள்.

குணசீலன் இரண்டு படி மேலே நின்றார். அவளுக்கும் அவர்தான் நெறியாளர். பின்னால், கை நிறையக் கோப்புகளோடு உதவிப் பேராசிரியர் இதயராஜா. புதிதாகச் சேர்ந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ரூம் இல்லைன்னா விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"ரூம்தான் சார் இல்ல."

அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள். பக்கத்திலிருந்த மெஹருன்னிசா முழங்காலை மட்டும் ஒதுக்கி வழிவிட்டாள். அவளும் எழவில்லை.

"உன் தீசிஸ் என் டேபிள்லதான் இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல. ஞாபகம் இருக்கட்டும்."



"இருக்கு சார். அஞ்சாவது சாப்டர்ல அந்த நாப்பது சதவீதத்தைத்தான் எழுதியிருக்கேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு அவர்களுக்கு நடுவே இறங்கிப் போனார்.

இதயராஜா இறங்கவில்லை.

கோப்புகளைச் சுவரோரம் வைத்தார். படியைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

"நானும் பண்ணிப் பார்த்தேன், அந்த ரியாக்‌ஷன." மெல்லத்தான் சொன்னார். "முப்பத்தெட்டு."



கீழே, காலடிச் சத்தம் பாதிப் படிக்கட்டில் நின்றது.

அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். தேதியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

கீழ்த்தளம் வரை கேட்கும்படி.