பைன் கிளையில் ஒரு கையுறை

பனி உருகியதும், மலைகளுக்கிடையே கடல் புகுந்த ஃபியோர்டின் ஓரக் காட்டுப் பாதையில், பாறைகளில் வழிகாட்டும் சிவப்புக் குறி பூசுவது ஊராரின் வேலை. இந்த வருஷம் குன்வோருக்கும் பக்கத்து வீட்டு எய்லெர்ட்டுக்கும் மலைமுனைப் பாதை வந்து சேர்ந்தது. போன இலையுதிர்காலத்தில் அவள் கணவன் தோர்லைஃப் அங்கிருந்துதான் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

ஏறும் வழியில் ஒரு பைன் கிளையில், நட்சத்திர வேலைப்பாடு போட்ட கம்பளிக் கையுறை மாட்டியிருந்தது. தவறவிட்ட பொருளைக் கண்டெடுப்பவர்கள் அப்படித்தான் மாட்டிவிட்டுப் போவார்கள். உடையவரைத் தவிர வேறு யாரும் எடுக்கமாட்டார்கள்.

"நீ பின்னுனது மாதிரில்ல இருக்கு?" என்றான் எய்லெர்ட். "நட்சத்திரத்த இவ்ளோ கோணலா போட இந்த ஊர்ல வேற யாரால முடியும்?"

"என்னோடது இல்ல. பேசாம நட, பெயின்ட் இறுகிடும்."

அவளுடையதுதான். அன்று பாறை விளிம்பில் தொங்கிய தோர்லைஃப், அந்தக் கையுறை போட்டிருந்த அவள் கையைத்தான் பிடித்திருந்தான். தன்னையும் இழுத்துவிடுவான் என்று பயந்து அவள் கையை உருவிக்கொண்டாள். கையுறை அவனோடு போயிற்று. அன்று வீட்டிலேயே இருந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

மாலையில் இறங்கும்போது கிளை வெறுமையாக இருந்தது.

"பாத்தியா, உடையவங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றான் எய்லெர்ட்.

கீழே, அவள் காரின் பக்கக் கண்ணாடியில் கையுறை மாட்டியிருந்தது. உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எய்லெர்ட் சிரித்தான். "நீ இல்லன்னு சொன்னாலும், உன்னோடதுதான்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு."

கையுறையின் நடுவில் கம்பளி நசுங்கிக் கிடந்தது, ஒருவன் இன்னமும் அதை இறுகப் பிடித்திருப்பது போல.