வெள்ளைப் புள்ளி

நீலன் உடம்பெங்கும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். சுகுமாறன் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். வீட்டில், பவளம் வளரும் அந்தக் கடல்நீர்த் தொட்டியில், நான்கு வருடமாக அவர் கையிலேயே தீனி தின்று வளர்ந்த மீன் அது.

தஞ்சோங் காராங்கிலிருந்து கோலா சிலாங்கூர் வளர்ப்பு மீன்கடைக்குப் பறந்தார்.

“ஒட்டுண்ணி புடிச்சிருக்கு தனேஷ். போன வாரம் உன் கடையிலேருந்து வந்ததுதான் கொண்டாந்திருக்கு. சீக்கு மீனை ஏன்டா என் தலையில கட்டினே?”

“நீங்க வாங்கின மஞ்ச மீனாண்ணே? அது ஒரு மாசம் மருந்துத் தண்ணியில கெடந்து தேறுனதாச்சே.”

“அது இல்லலா. கூட வந்துச்சே, கோடு போட்ட குட்டி மீன்.”

தனேஷ் சிரித்தான். “அது அன்னிக்குக் காலையிலதான் வந்து எறங்குச்சு, இன்னும் மருந்துல போடலன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கொசுறு இல்லாமக் கடைப்படி எறங்க மாட்டேன்னு நின்னது யாருண்ணே?”

சுகுமாறன் கூரையைப் பார்த்தார்.

தனேஷ் ஒரு புட்டியை எடுத்து நீட்டினான். “சரி, இந்த மருந்தைப் பவளத் தொட்டியில ஊத்திடாதீங்க, பவளம் செத்துடும். மீனுங்கள வேற தொட்டிக்கு மாத்தி, அதுல ஊத்துங்க. நீலன் பொழைச்சுக்கும்.”

எந்த விலையையும் பாதியிலிருந்தே பேசத் தொடங்குகிற மனிதர், மருந்துக்குத் தனேஷ் சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தார். தனேஷுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

“கொசுறு கேக்கலியாண்ணே?”

“போன தடவை குடுத்ததே தொட்டி நிறைய நீந்துதுலா.”