மேனேஜர் வயிற்றில் நாடாப்புழு

“சாயங்காலம் வண்டி வருது. இந்த நாய் இந்த வீட்டை விட்டுப் போகுது. அவ்வளவுதான்!”

மனைவி சொல்லி முடித்ததும் கணவர் நாயைப் பார்த்தார். அது சோபாவுக்கு அடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தூங்கும், எழுப்பினால் உறுமும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

எதிர் நாற்காலியில் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். நாய் வளர்க்கும் வீடுகளில் நாடாப்புழு எப்படிப் பரவுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. போன வாரம் வந்து மூன்று சின்ன டப்பாக்களைக் கொடுத்திருந்தார். நாய்க்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. டப்பாவில் எதை நிரப்ப வேண்டும் என்று அவர் விளக்கியபோது மூன்று பேரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை அவர் போனில் “உங்க நாய்க்கு நாடாப்புழு” என்று ஆரம்பித்தார். மீதியைக் கேட்காமலே மனைவி நாய்க் காப்பகத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

“மேடம், நான் இன்னும் முழுசாச் சொல்லலை. இந்த வீட்டுல நாய்க்கு மட்டுமில்ல, இன்னொருத்தருக்கும் இருக்கு.”

“அது யாருன்னு நீங்க சொல்லவே வேணாம்மா. ராத்திரி அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறது யாரு? மூணு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் ஒட்டடைக் குச்சி மாதிரி நிக்கிறது யாரு?”

கணவர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அது எவ்வளவு நீளம்மா இருக்கும்?”

“இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும் சார். ஆனா...”

“அடேயப்பா! வாடகை கூடக் கொடுக்காம!”

“பார்த்தீங்களா, உங்க செல்ல நாய் கொடுத்த சீதனத்தை!” என்றார் மனைவி.

“நாய்கிட்டேயிருந்து வரலை மேடம்.” ஆராய்ச்சியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இவ்வளவு அபூர்வமான புழு கிடைத்த சந்தோஷத்தை அது கிடைத்த வீட்டிலேயே காட்டுவது நாகரிகமில்லை. “இது மீன்ல வர்ற நாடாப்புழு. நாய் நக்கினாலும் ஒட்டாது, கட்டிப் பிடிச்சாலும் ஒட்டாது. இதோட முட்டை தண்ணிக்குப் போகணும். குஞ்சு பொரிஞ்சதும் அதை ஒரு குட்டிப் பூச்சி முழுங்கணும். அந்தப் பூச்சியை மீன் முழுங்கணும். அந்த மீனை யாராவது வேக வைக்காம முழுங்கணும்.”

“எங்க ஆபீஸ்ல ஃபைல் நகர்ற மாதிரி இருக்கு” என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

“மீனா?” என்றார் மனைவி மெல்லிய குரலில்.

அந்த வீட்டுக்குள் மீன் நுழையக் கூடாது என்று ஆகி ஒரு வருடமாகிறது. கணவரின் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று தெரிந்த அன்றே மனைவி சட்டம் போட்டுவிட்டார், இனி இருவருக்கும் காய்கறிதான் என்று. மீன் படம் போட்ட காலண்டரைக்கூட விட்டுவைக்கவில்லை.

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. மீன் சாப்பிட்டீங்களா?”

கணவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அது தப்பிக்கும். திறக்காவிட்டால் வண்டி ஏறும்.

“சாப்பிட்டேன்.”

“எங்க?”

“ஆபீஸுக்குப் பின்னாடி ஒரு கடை. வெள்ளிக்கிழமை மட்டும்தான். பொரிச்சது. நாலு துண்டு.”

“நாலு துண்டா!”

“சில வெள்ளிக்கிழமை ஆறு.”

“அட துரோகி! உங்களுக்காக நானும் சுரைக்காயை அவிச்சுத் தின்னு நாக்கு செத்துக் கிடக்கேன். நீங்க அங்க மீனை வெட்டுறீங்க. அதோட விட்டீங்களா? வாயில்லா ஜீவனுக்கும் ஊட்டி அதையும் கெடுத்து வச்சிருக்கீங்க!”

“நான் அதுக்கு ஊட்டலை...”

“பின்னே, அதுவா கடைக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துச்சு?”

“சரி, எல்லாத் தப்பும் என்னோடதுதான். ஒத்துக்கிறேன். வண்டி வேணாம்னு சொல்லிடு. காலியாத் திரும்பிப் போகக் கூடாதுன்னா நான் ஏறிக்கிறேன்.”

“கொஞ்சம் என்னைப் பேச விடுறீங்களா?” ஆராய்ச்சியாளர் எழுந்தே நின்றுவிட்டார். “கொதிக்கிற எண்ணெயில பொரிச்ச மீன்ல இந்தப் புழு பிழைக்கவே பிழைக்காது. சார், உங்க டப்பா சுத்தம். உங்களுக்கு ஒண்ணுமே இல்லை.”

கணவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ நான் வீணா உண்மையைச் சொல்லிட்டேனா?”

ஆராய்ச்சியாளர் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்தார். சின்னதை மேனேஜர் பக்கத்தில் வைத்தார். பெரியதை நீட்டினார், மனைவியிடம்.

மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“புதுசா ஒரு ஓட்டல்ல பச்சை மீனை மெல்லிசாச் சீவி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வீட்டுக்கே அனுப்புறாங்க, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாதுங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். “நீங்க மாடியில இருக்கிறப்போ நான் சாப்பிடுறதை மேனேஜர் குரைச்சுக் காட்டிக்கொடுத்துடக் கூடாதேன்னு ரெண்டு துண்டு போட்டேன், இப்போ பாதிப் பங்கு கேக்குது, அதனாலதான் வண்டிக்குச் சொன்னேன்.”