குஞ்சம் வைத்த குல்லாய்

விசாலாக்ஷிக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்குப் போவாள், எங்கேயாவது புகை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பாள், உள்ளே வந்து குக்கரை இறக்குவாள், மறுபடி பால்கனிக்கே ஓடுவாள்.

பிரதமரை அவருடைய சீக்கியக் காவலாளிகளே சுட்டுக் கொன்ற செய்தி வந்ததிலிருந்து டில்லியில் சர்தார்ஜிகளைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார்கள். மோதி பாக் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

கீழ் வீட்டு ஜலஜா மட்டும் கம்பளிக் குஞ்சம் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்கூல் மூடியது அவளுக்கு ஒரு சாக்கு. பிளாக்கில் உள்ள வாண்டுகளையெல்லாம் கூட்டி வைத்துத் தினம் ஒரு விளையாட்டு. அட்டையை வளையமாக வெட்டி, அதில் உல்லன் நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி ஓரத்தைக் கத்தரித்தால் புசுபுசுவென்று பந்தாக விரியும். முதல் நாள் அது கோழிக்குஞ்சு ஆயிற்று. மறுநாள் சட்டைப் பொத்தானில் கண் வைத்து முயல். இன்று வீடு வீடாகப் பழைய கம்பளிக் குல்லாய்களை வாங்கிவந்து, எல்லாவற்றின் உச்சியிலும் ஆரஞ்சுப் பழம் பெரிசுக்கு ஒரு குஞ்சம்.

"ஊரே எரியறது, இவளுக்குப் பொம்மை கேக்கறது" என்றாள் விசாலாக்ஷி. அவள் கணவர் சேஷன் பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

நேற்று மாடிப்படியில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னவளே விசாலாக்ஷிதான். எவ்வளவு வேண்டியவர்களாக இருக்கட்டும், நம் பிளாக்கில் எந்த சர்தாரையும் உள்ளே விடக் கூடாது, நமக்கும் குழந்தை குட்டி இருக்கிறது என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். ஜலஜாவும் "ஆமாம் மாமி" என்றுவிட்டு, மிச்சம் மீதி உல்லன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இவளை எதில் சேர்ப்பது?

போதாக்குறைக்கு அவள் அக்கா பிள்ளை வேறு வந்திருந்தான். அக்காவுக்குப் பிரசவ நேரமாம், ஜலஜாவின் கணவன் மகாதேவன் லோதி காலனியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தானாம். ரவி என்று பெயர். வாயைத் திறந்தால் இந்திதான், ஒரு வார்த்தை தமிழ் வரவில்லை. டில்லியில் பிறந்த பிள்ளைகளின் லட்சணம் இதுதான் என்று விசாலாக்ஷி அதற்கும் அலுத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் பால்காரன் மூச்சிரைக்க வந்து சொன்னான், அடுத்த வரிசையில் வீடு புகுந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்க்கிறார்களாம். விசாலாக்ஷி எட்டிப் பார்த்தாள். வாண்டுகள் பூராவும் கீழே வாசல் வெயிலில், குஞ்சம் வைத்த குல்லாயும் தானுமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் அவள் பிள்ளை சுப்பு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடதடவென்று இறங்கினாள்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா ஜலஜா? இன்னும் ஸ்வெட்டரே பெட்டியை விட்டு இறங்கலை, அதுக்குள்ள குல்லாய். அதுவும் தெருவைப் பார்க்க உக்கார வச்சிண்டு."

சுப்புவின் குல்லாயைப் பிடுங்கினாள். உள்ளே தலை தெப்பமாக நனைந்திருந்தது.

"இருக்கட்டும் மாமி, கழட்டாதீங்கோ" என்றாள் ஜலஜா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

பக்கத்தில் ரவிக்கும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. என்ன இருந்தாலும் குழந்தை. அவன் குல்லாயையும் கழற்றிவிடலாம் என்று குஞ்சத்தைக் கொத்தாகப் பிடித்தாள்.

கம்பளிக்கு அடியில் கெட்டியாக என்னவோ தட்டுப்பட்டது. இழுத்து முடிந்த குடுமி.

ஜலஜாவின் கை அவள் கையின் மேல் இறுகியது. "மாமி... அவர் ஆபீஸ் சர்தார்ஜியோட பிள்ளை" என்று அவள் முணுமுணுத்தபோது கேட் திறந்தது.

ஆறேழு பேர். கையில் இரும்புக் கம்பி. இங்கே சர்தார் யாராவது உண்டா என்று இந்தியில் கேட்டான் முன்னால் வந்தவன். அவன் பார்வை சுப்புவின் வெறும் தலையில் நின்று, மற்ற தலைகளுக்குப் போனது. இந்த வெயிலில் எதற்குக் குல்லாய் என்றான்.

விசாலாக்ஷி விரலை நீட்டினால் போதும், அவள் வீடு பிழைக்கும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் சுப்புவும் போவான். ரவியின் சின்னத் தலை அவள் உள்ளங்கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது.

சுப்புவின் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் எத்தனை தடவை சொல்றது? ராத்திரி பூரா இருமிட்டு, குல்லாயைக் கழட்டறது என்ன வேலை?" என்று தன் ஓட்டை இந்தியில் கத்திக்கொண்டே குல்லாயை அவன் தலையில் அழுத்தி மாட்டினாள். பிறகு அந்த ஆளிடம் திரும்பி, "நாங்க மதராசி, பாய் சாப். எங்க பசங்களுக்கு இந்தக் குளிரே தாங்காது" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். மதராசிகள் தீபாவளி முடிந்ததுமே கம்பளியைச் சுற்றிக்கொள்வார்கள் என்று பின்னால் ஒருவன் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த பிளாக்குக்குப் போனார்கள்.

கேட் சாத்தியபின்தான் ஜலஜாவுக்கு அழுகை வந்தது. "மன்னிச்சுக்கோங்கோ மாமி. உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

விசாலாக்ஷி முந்தானையால் அந்தப் பையனின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"சொல்லாததே நல்லதுடி. நேத்திக்குச் சொல்லியிருந்தா நானே காட்டிக் கொடுத்திருப்பேன்."